கரியாலூருக்கு எந்த பஸ்?

2024 மே 7-ம் தேதியிலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு. அடுத்த ஆண்டு ஏப்ரலில் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் கடிவாளம் விழுந்தது. சீசனில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அந்தச் செய்தியைப் படித்த கையோடு பல வீடுகளில் எழுந்த கேள்வி, "அப்ப வேற எந்த மலைக்குப் போறது?" என்பதுதான். யூடியூபில் அதற்கு ஆயிரம் விடைகள் உண்டு. 'யாருக்கும் தெரியாத அருவி', 'மறைந்து கிடக்கும் சொர்க்கம்' என்று தலைப்பு. கீழே பார்த்தால் ஐந்து லட்சம் பேர் பார்த்திருப்பார்கள்.

அந்த வீடியோக்களில் கொஞ்ச காலமாக அடிக்கடி தலைகாட்டும் பெயர் கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினால் வழியில் கரியாலூர். படகு விடும் சின்ன ஏரி, சிறுவர் பூங்கா, வனத்துறை விடுதி, போலீஸ் ஸ்டேஷன், சில கடைகள். ஊர் அவ்வளவுதான். ஊரைப் பார்க்கப் போகிறவர் அரை மணியில் திரும்பிவிடுவார். மலையைப் பார்க்கப் போகிறவருக்கு இரண்டு நாள் போதாது.

உலகம் முழுக்க இன்று 'அதிகம் பேர் போகாத இடம்' என்பதற்கு ஒரு தனிச் சந்தையே இருக்கிறது. அந்தச் சந்தையில் அடுத்து ஏலத்துக்கு வரப்போகும் மலைகளில் இது ஒன்று. அதற்கு முன்னால் இந்த மலை ஏன் இத்தனை நாள் தெரியாமல் இருந்தது, தெரிந்தால் யாருக்கு லாபம் என்று கேட்டுவிடுவது நல்லது.

மழை இறங்கும் வழி, பஸ் ஏறும் வழி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் சமவெளிதான். இரு பக்கமும் கரும்பு. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் என்பதால் அறுவடைக் காலத்தில் டிராக்டர்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டியிருக்கும். அதைத் தாண்டினால் கோமுகி அணை. 1960-களில் கட்டியது, முழு நீர்மட்டம் 46 அடி. மலை மேல் பெய்கிற மழை கல்படை, பொட்டியம், மல்லிகைப்பாடி, பரங்கிநத்தம் என நான்கு ஆறுகளாக இறங்கி இங்கே வந்து சேர்கிறது. ஆறு என்றதும் காவிரியைக் கற்பனை செய்ய வேண்டாம். வெயில் காலத்தில் செருப்பு நனையாமல் தாண்டிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் விடிய விடிய மழை அடித்தால் அதே ஆறு மலைக் கிராமங்களின் தரைப்பாலங்களை மூழ்கடித்து, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற வழியை அடைத்துவிடும்.

அணையிலிருந்து புறப்படும் கோமுகி மணிமுத்தாற்றோடு கலந்து, வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. மணிமுத்தாறு பிறப்பதும் இதே மலையில்தான். மாசிமகத்துக்கு விருத்தாசலத்தில் ஆற்றில் முழுக்குப் போட்டவர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே கல்வராயன் மலைத் தண்ணீரில் முழுகியவர்கள். ஆத்தூர் பக்கம் ஓடும் வசிஷ்ட நதியும் இங்கே பிறந்ததுதான். பாலாற்றுப் படுகையையும் காவிரிப் படுகையையும் பிரித்து நிற்கும் மலைகளில் ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலையோடு இதுவும் ஒன்று.

அணையைத் தாண்டியதும் ஏற்றம். கீழே 400 மீட்டர் உயரம் வரை முள்ளும் புதரும் நிறைந்த வறண்ட காடு. பங்குனியில் பார்த்தால், 'இதையா பார்க்க வந்தோம்' என்று தோன்றும். அதற்கு மேல் இலையுதிர் காடு. இன்னும் மேலே ஈரம் தங்கும் பள்ளத்தாக்குகளில் மட்டும் சோலைக்காடு. கிழக்குத் தொடர்ச்சி மலை என்றாலே இப்படித்தான்: மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி பார்த்த இடமெல்லாம் பச்சை பூசி நிற்காது. வளைவுக்கு வளைவு காடு மாறும். கவனித்துப் பார்க்கிறவருக்கே பிடிபடும்.

மொத்தப் பரப்பு 1,095 சதுர கிலோமீட்டர் என்பது கணக்கு. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். சின்னதன் சராசரி உயரம் 2,700 அடி, பெரியது 4,000 அடி வரை போகும். கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்கள் இதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, வெள்ளிமலையைத் தலைமையிடமாக வைத்துக் கல்வராயன் மலைக்கென்று தனி வட்டமும் கிடைத்தது. அதற்கு முன்பு இங்கிருந்து கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் விழுப்புரம் போக வேண்டும். மலை இறங்கி, பஸ் மாறி, மனு கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அருவிகளுக்கு வருவோம். பெரியார் அருவி, கரியாலூரிலிருந்து வெள்ளிமலை போகிற வழியில் ரோட்டோரமே இருக்கிறது. கூட்டம் கூடுவது இங்கேதான். மேகம் அருவிக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும். வழி தெரிந்த ஆள் இல்லாமல் போகக் கூடாது. கவியம் அருவியும் அப்படியே. மழை வலுத்தால் வனத்துறை குளிக்கத் தடை போடும். கோடை நீண்டால் அருவிகள் மெலிந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை: அரசு இங்கே ஆண்டுதோறும் நடத்துவது கோடை விழா. பூக்கண்காட்சி, கலை நிகழ்ச்சி, துறைவாரியாக அரங்குகள் எல்லாம் உண்டு. அருவியில்தான் தண்ணீர் இருக்காது. ஊட்டியில் மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கிறது என்பதற்காக எல்லா மலையிலும் மே மாதமே விழா எடுக்க வேண்டுமா? கார்த்திகையில் ஒரு 'மழை விழா' எடுத்துப் பார்க்கலாம்.

எதற்கு இன்னொரு ஊட்டி?

கல்வராயனை 'ஏழைகளின் ஊட்டி' என்று எழுதுவது பத்திரிகைகளின் பழைய வழக்கம். இதே பட்டத்தை ஏற்காட்டுக்கும் ஏலகிரிக்கும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பட்டத்தில் கடுப்பு உண்டு. அதைக் கேட்டுவிட்டு வருகிறவர் இங்கே தேயிலைத் தோட்டத்தையும் பொம்மை ரயிலையும் ஸ்வெட்டர் போடும் குளிரையும் தேடுகிறார். மூன்றும் இல்லை. டிசம்பர் இரவில் போர்வை தேவைப்படும், அவ்வளவுதான். ஊட்டியும் கொடைக்கானலும் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து தங்களுக்காகக் கட்டிக்கொண்ட ஊர்கள். பங்களா, கிளப், சர்ச், ஏரி எல்லாம் அதற்காக வந்தவை. கல்வராயனில் அவர்கள் அப்படி ஒரு ஊரைக் கட்டவே இல்லை. இது விவசாயிகளின் மலை. சாமை, கேழ்வரகு, நெல், மரவள்ளி விளைகிற மலை.

இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், வீட்டில் பேசுவது தமிழ்தான். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்கு: மூன்றரை லட்சத்துக்கு மேல். ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது, சித்தேரி, கல்வராயன் என்று இந்தத் தொடர் முழுக்கப் பரவி இருக்கிறார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. ஏற்காட்டுக்குச் சேர்வராயன், கொல்லிமலைக்கு அறப்பளீஸ்வரர் என்றால் கல்வராயனுக்குக் கரியராமர்.

நூறாண்டுகளுக்கு முன் எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஜாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பில் ஒரு குறிப்பு உண்டு. இந்த மலையில் முதலில் வேடர்கள் இருந்தார்களாம். வந்தேறியவர்கள் ஆண்களைக் கொன்று பெண்களை மணந்துகொண்டார்களாம். அந்த வேடக் கணவன் செத்ததன் அடையாளமாகக் கல்யாணத்தில் வானத்தை நோக்கித் துப்பாக்கி வெடிப்பார்களாம். கதை உண்மையோ இல்லையோ, தங்கள் கல்யாணப் பந்தலிலேயே தங்கள் முன்னோர் செய்த கொலையை நினைவுகூர்ந்த ஜனங்கள் வேறு யாரும் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. நம் வம்சக் கதைகளில் எல்லாரும் ராஜாவாகத்தானே இருக்கிறார்கள்!

1976 வரை ஜாகிர்தார்

கல்வராயன் மலை வெளியாருக்குத் தெரியாமல் போனதற்கு இயற்கை காரணமல்ல. கள்ளக்குறிச்சி பக்கத்து மலையை மூன்று ஜாகிர்தார்கள் ஆண்டார்கள்: சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்று சொல்வார்கள். நவாபு போனார், கம்பெனி வந்தது, ராணியின் ஆட்சி வந்தது. மலையில் வரி வசூலித்தது ஜாகிர்தார்களே. 1947-ல் நாடு விடுதலை பெற்றது, 1952-ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது, 1967-ல் மாநிலத்தில் ஆட்சியே மாறியது. இந்த மலையில் ஜாகிர் முடிந்து அரசு நேரடியாக நிர்வாகத்தைக் கையில் எடுத்தது 1976-ல்தான்.

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். சென்னையில் தொலைக்காட்சி வந்துவிட்டது. இந்தியா அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அணுகுண்டு சோதனை செய்துவிட்டது. அப்போதுதான் இங்குள்ள விவசாயிக்குத் தாசில்தார், கிராம நிர்வாகம், பட்டா போன்ற சொற்கள் சொந்தமாகின்றன. ரோடு, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் ஒவ்வொன்றாக மலை ஏறின. இன்றும் ரோடு போகாத குக்கிராமங்கள் இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் ரோடு போட வனத்துறை அனுமதி வேண்டும், அது வருவதற்குள் ஒரு தலைமுறை பள்ளிப் படிப்பை முடித்துவிடும், அல்லது நிறுத்திவிடும்.

சுற்றுலா வீடியோக்காரர் 'மனிதக் கால்படாத மலை' என்று வியக்கும் இடங்களில் எல்லாம் இப்படி ஒரு பின்கதை இருக்கும். கால் படாமல் இல்லை. அரசாங்கத்தின் கால்தான் படவில்லை.

பேப்பரில் வரும் கல்வராயன்

வெளியாருக்குத் தெரியாத மலை என்று சொன்னேன். போலீஸுக்கு நன்றாகத் தெரியும். 'கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிப்பு' என்பது கள்ளக்குறிச்சி பதிப்புச் செய்தித்தாள்களின் நிரந்தரச் செய்தி. ஓடையோரம் பேரல், வெல்ல மூட்டை, கவிழ்த்துக் கொட்டும் போலீஸார், போட்டோ. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது எல்லார் பார்வையும் மலைப் பக்கம் திரும்பியது. அங்கே கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளில் புழங்கும் ரசாயனம். மலை ஓடையில் காய்ச்சுவதல்ல. ஆனாலும் கெட்ட பெயரில் பாதி மலைக்கு வந்து சேர்ந்தது.

அந்தச் சாவுகளால் ஒரு காரியம் நடந்தது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பஸ் எங்கே, ரேஷன் கடை எங்கே என்று அரசிடம் கேள்விகள் போயின. ஜாகிர் காலத்துக் கதையைப் பலர் முதல்முறையாகக் கேட்டது அந்த விசாரணைச் செய்திகளில்தான்.

அதற்கு முன்பு இந்த மலைத்தொடரின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது 2015 ஏப்ரல் 7-ல். ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலை, சித்தேரி மலைக்காரர்கள் அவர்களில் பலர். சித்தேரி, கல்வராயனுக்குப் பக்கத்து மலை. சாமை விளைந்த காட்டில் வருமானம் போதாமல், புரோக்கர் கொடுத்த முன்பணத்துக்குக் கோடாலியைத் தூக்கிக்கொண்டு போன கூலிகள். மலையில் வேலை இருந்திருந்தால் அவர்கள் ஏன் திருப்பதிக் காட்டுக்குப் போகிறார்கள்?

சுற்றுலா இங்கே வர வேண்டும் என்று நான் நினைப்பது இதற்காகத்தான். சாராயமும் செம்மரமும் கொடுத்த கூலியை இன்னொரு தொழில் கொடுத்தால் கையை நீட்டி வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.

கடுக்காயும் குச்சிக்கிழங்கும்

இந்த மலையின் கடுக்காய்க்குப் பெயர் உண்டு. மார்கழிக்கு மேல் காட்டில் உதிர்கிற காயைப் பொறுக்கி வந்து வாசலில் கொட்டிக் காயவைப்பார்கள். காயக் காயப் பச்சை போய் மஞ்சள் கலந்த பழுப்பாகி, ஐந்து வரி எழும்பித் தோல் சுருங்கும். பிறகு ஒரு கல்லை அடியில் வைத்து இன்னொரு கல்லால் தட்டுவது. பலமாகத் தட்டினால் கொட்டையும் சேர்ந்து நொறுங்கும். லேசாகத் தட்டினால் சதை விடாது. கொட்டை உடையாமல் தோல் மட்டும் பிளந்து விழுகிற அளவுக்குக் கையை நிதானப்படுத்த வேண்டும். கொட்டையை விலக்கிவிட்டுத்தான் கடுக்காயை மருந்துக்குச் சேர்ப்பது சித்த வைத்திய முறை. வைத்தியத்தைவிடப் பெரிய கிராக்கி ஒரு காலத்தில் தோல் பதனிடும் தொழிலில் இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் கிடங்குகளில் ரசாயனம் வருவதற்கு முன் தோலைப் பக்குவப்படுத்தியவற்றில் கடுக்காயின் துவர்ப்புக்கு முக்கிய இடம் உண்டு. பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கங்கள் வருவதற்கு முன்பு, கடுக்காய் பொறுக்கியவருக்கே கடுக்காய் கொடுத்த வியாபாரிகள் மலை முழுக்க இருந்தார்கள்.

இன்று மலையின் பணப்பயிர் மரவள்ளி. இந்தப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்பார்கள். ஒரு சாண் குச்சியை வெட்டி ஊன்றிவிட்டால் பத்து மாதத்தில் கிழங்கு. லாரி மலை ஏறி வந்து எடை போட்டு ஏற்றிக்கொண்டு ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கும். தோல் சீவி, அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் மாவு தெளியவிட்டு, குலுக்கி உருட்டி, வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கிழங்கு மலையில், ஆலை கீழே, லாபம் அதற்கும் கீழே. கிழங்கு விலை சரிந்தால் முதலில் அடிபடுவது மலைக்காரர். மரவள்ளி பரவப் பரவச் சாமை சுருங்கியது. சாமை விளைந்த வீட்டில் ரேஷன் அரிசி பொங்குகிறது. சாமையோ சென்னை ஆர்கானிக் கடையில் அழகான பாக்கெட்டில் நிற்கிறது.

கரியாலூரில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால், "எந்த ஊருங்க? அருவி பார்க்கவா?" என்று விசாரிப்பார்கள். பரோட்டா கிடைக்கும், ஆம்லெட் கிடைக்கும், கண்ணாடி ஜாடியில் பன் கிடைக்கும். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வேண்டுமானால் தெரிந்தவர்கள் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சுற்றுலா வந்தால் மலைக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு அந்தச் சாப்பாட்டுத் தட்டிலேயே பாதி விடை இருக்கிறது. பரோட்டா மாவு கீழேயிருந்து வருகிறது, சிப்ஸ் பாக்கெட் கீழேயிருந்து வருகிறது, தண்ணீர் பாட்டில்கூடக் கீழேயிருந்து வருகிறது. கோமுகிக்குத் தண்ணீர் அனுப்பும் மலையில்!

ஹால்ஸ்டாட்டில் நடந்தது

ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்றொரு ஏரிக்கரைக் கிராமம். ஜனத்தொகை எண்ணூறைத் தொடாது. சீசனில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர் வரை வந்து இறங்குகிறார்கள். சீனாவில் 2012-ல் இந்தக் கிராமத்தையே நகலெடுத்து இன்னொரு ஊர் கட்டிவிட்டார்கள், அதற்குப் பிறகு அசலைப் பார்க்கக் கூட்டம் இன்னும் கூடியது. 2023-ல் செல்ஃபிக் கூட்டம் தாங்காமல் ஊர்க்காரர்கள் ஏரிக்காட்சியை மறைத்துப் பலகை வேலி அடித்தார்கள். வலைதளங்களில் ஏச்சு வாங்கிய பிறகு கழற்றினார்கள். தாய்லாந்தின் மாயா பே கடற்கரை 2000-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தால் பிரபலமாகி, பவளப்பாறை செத்து, 2018 ஜூனில் மூடப்பட்டது. 2022 ஜனவரியில் திறந்தபோது நீச்சலுக்குத் தடை. பார்க்கலாம், இறங்கக் கூடாது.

பூட்டான் வேறு வழியில் போனது. 1974-ல் கதவைத் திறந்ததிலிருந்தே கொஞ்சம் பேர் வரட்டும், நிறையக் கொடுக்கட்டும் என்பது அதன் கொள்கை. வெளிநாட்டுப் பயணியிடம் ஒரு நாளைக்கு 200 டாலர் வரை கட்டணம் வாங்கிவிட்டு, 2023-ல் அதை 100 ஆகக் குறைத்தது. இந்தியருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். கல்வராயனுக்கு இது சரிவராது. கள்ளக்குறிச்சியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு வரும் குடும்பத்திடம் நுழைவுக் கட்டணம் என்று ஆயிரம் ரூபாய் கேட்டால் அது அநியாயம்.

நமக்குப் பொருந்துகிற பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. இதே கிழக்குத் தொடர்ச்சி மலை வடக்கே ஆந்திரத்துக்குள் போகும்போது வருவது அரக்கு பள்ளத்தாக்கு. அங்கே ஆதிவாசிகள் கூட்டுறவாகச் சேர்ந்து விளைவித்த காப்பிக்கு 2017-ல் பாரிஸில் கடையே திறந்தார்கள். 2019-ல் புவிசார் குறியீடு. வருகிற பயணி காப்பி குடிக்கிறார், பொட்டலம் வாங்குகிறார், காசு மலையில் தங்குகிறது. இதற்கு அடியில் ஒரு சட்டம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அரக்கு, அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைக்குள் வரும் பகுதி. 1970-ல் கொண்டுவந்த நிலமாற்றச் சட்டத்தின்படி அங்கே பழங்குடி அல்லாதவருக்கு நிலம் கைமாற முடியாது. ரிசார்ட் கட்டுகிறவர் நினைத்த இடத்தை வளைத்துப் போட்டுவிட முடியாது.

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவும் இல்லை. கல்வராயன் மலையும் இல்லை. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம்கூட இங்கே நீதிமன்றத் தடையால் பல ஆண்டுகள் முடங்கி, 2016-க்குப் பிறகுதான் உரிமைப் பட்டா கொடுக்கும் வழி திறந்தது. தாத்தா உழுத காட்டுக்குக் கையில் காகிதம் இல்லாதவர்கள் இன்னமும் மலையில் இருக்கிறார்கள். இந்த நிலையில் மலை பிரபலமானால் என்ன ஆகும் என்று பார்க்க ஹால்ஸ்டாட் போக வேண்டாம். ஏலகிரி போய்ப் பார்த்தால் போதும். ரோடு அகலமாகும், 'வியூ பாயின்ட் பிளாட் விற்பனைக்கு' போர்டு முளைக்கும், நிலம் இருந்தவர் அதே நிலத்தில் வாட்ச்மேன் ஆவார்.

அதனால் கரியாலூருக்குக் கூட்டம் வருவதற்கு முன் பட்டா வர வேண்டும். ரோடும் ஆம்புலன்ஸும் பயணிக்காக இல்லாமல் மலைக்காரருக்காக முதலில் வர வேண்டும். பிறகு குமரகத்தில் செய்ததைச் செய்யலாம். 2008 வாக்கில் கேரள அரசு அங்கே ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: ஓட்டல்களுக்கு வேண்டிய காய்கறி, மீன், முட்டை, கைவினைப் பொருள்களை உள்ளூர்ப் பெண்கள் குழுக்களே கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் ஓட்டல்காரர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கல்வராயனில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன, சாமை இருக்கிறது, தேன் இருக்கிறது, கடுக்காய் இருக்கிறது. கரியாலூரில் ஒரே ஒரு சாப்பாட்டுக் கூடத்தைக் குழுப் பெண்கள் கையில் கொடுத்தால்கூட ஆரம்பித்துவிடலாம். ஆத்தூர் பக்கத்தில் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-ல் எழுந்த 146 அடி முருகன் சிலையைப் பார்க்கத் தினமும் வண்டி வண்டியாக வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒருவர் அப்படியே மலை ஏறினால்கூட அந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்கு இடம் பற்றாது.

போகிறவர்களுக்கு

அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். கனமழை எச்சரிக்கை இருந்தால் தள்ளிப்போடுங்கள். தரைப்பாலம் மூழ்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ரயிலில் வருகிறவர்கள் சின்னசேலத்தில் இறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் பிடிக்கலாம். மலைக்குப் பஸ் உண்டு, நினைத்த நேரத்துக்கெல்லாம் கிடைக்காது. கடைசி பஸ் எப்போது என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைக் கீழேயே நிரப்புங்கள். சில இடங்களில் சிக்னல் இருக்காது, ஜிபே வேலை செய்யாது, சில்லறை வைத்திருங்கள். தங்க வேண்டுமென்றால் வனத்துறை விடுதிக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். மேகம் அருவிக்கு உள்ளூர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்குப் பேசிய கூலியைப் பேரம் இல்லாமல் கொடுங்கள். பாட்டிலோடு அருவிக்குப் போகாதீர்கள். பாறையில் உடைந்த கண்ணாடியில் கால் வைப்பது மறுநாள் தண்ணீர் எடுக்க வருகிற பெண்தான். ஊருக்குள் போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

திரும்பும்போது வந்த வழியே இறங்க வேண்டியதில்லை. வெள்ளிமலை தாண்டிக் கருமந்துறை வரை போனால் ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. மா, கொய்யா, பலா, எலுமிச்சை நாற்றுகளை அங்கேயே வாங்கலாம். அங்கிருந்து தும்பல் வழியாக இறங்கினால் சேலம் ரோடு.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கரியாலூர் என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். 'வெள்ளிமலை' என்று போர்டு போட்ட வண்டி வந்தால் ஏறிக்கொள்ளுங்கள்.